காக்கைக்குக் கிழமை தெரியுமா, எண்ணிக்கை தெரியுமா?

முட்டைக்கணக்கு (பாலக்கோடு)

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். 16 வருடமாக அதே சமையல்கூடம், பின்னால் அதே புளியமரம், மரம் நிறையக் காக்கை. வேலையே எண்ணுகிற வேலை என்பதால் எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். தினமும் 64 முட்டை. இரண்டு டிரே, மேலே நாலு. அப்படியே காக்கைகளையும் எண்ண ஆரம்பித்ததில்தான் இந்தக் கேள்வியெல்லாம் வந்தது.

பள்ளி நடக்கிற நாளில் பதினொன்றரை மணி வாக்கில் மதில்மேல் முதல் காக்கை உட்காரும். பன்னிரண்டுக்குள் இருபதுக்கு மேல் ஆகிவிடும். பிள்ளைகள் சாப்பிட்டு முட்டை ஓட்டை ஒரு பேசினில் போடுவார்கள். ஓட்டில் ஒட்டின வெள்ளை, உடைந்த மஞ்சள், சிந்தின சோறு எல்லாம் இவற்றுக்குத்தான். சனி, ஞாயிறு ஒன்றுகூட வருவதில்லை. என் வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான், மாடியிலிருந்து மதில் தெரியும். ஐந்து நாள் வருவது, இரண்டு நாள் வராமல் இருப்பது என்று இவை கணக்கு வைத்திருக்கின்றனவா? ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அதுங்களுக்கும் லீவு தெரியும் மிஸ்" என்று உறுதியாகச் சொல்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, எங்கள் சமையல் உதவியாளர் பற்றியது. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம், புளியமரத்திலிருந்து ஒரு காக்கைக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தது. நாய் வரப்போகிறதே என்று அவர் அதை இரண்டு கையாலும் எடுத்து மதில்மேல் வைத்தார். அவ்வளவுதான். அன்றைக்கே தலையில் கொத்து. இப்போது மூன்று மாதம் ஆகப்போகிறது. நானும் சமையலரும் பக்கத்திலேயே நடந்தாலும் எங்களை விட்டுவிட்டு அவரைத்தான் துரத்துகின்றன. புடவை மாற்றிப் பார்த்தார், தலையில் துண்டு போட்டுப் பார்த்தார். "நல்லது செய்யப் போய் இப்படி ஆச்சே" என்று வருத்தப்படுகிறார். வெயிலில்கூடக் குடை பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கப் போகிறார். பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாவது. கோடை விடுமுறையில் மரத்தில் ஏறின பையன்கள் ஒரு கூட்டில் ஐந்து முட்டை இருந்ததாகவும், அதில் ஒன்று சின்னதாக வேறு நிறத்தில் இருந்ததாகவும் சொன்னார்கள். குயில் முட்டையாகத்தான் இருக்கும். ஓட்டில் ஒட்டின பருக்கையைக்கூடக் கண்டுபிடிக்கிற காக்கைக்கு, நாலு ஐந்தானது எப்படித் தெரியாமல் போகும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் சரியானதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

பழைய கணக்காசிரியர் (கிருஷ்ணகிரி)

அம்மா, கேள்வி கேட்ட விதமே பாதிப் பதில். கவனித்திருக்கிறீர்கள், எண்ணியிருக்கிறீர்கள். 34 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்.

கிழமை விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, சனிக்கிழமையன்று காக்கை வராததற்கு வேறு என்னவெல்லாம் காரணம் இருக்கலாம் என்பது. பிள்ளைகள் சத்தம் இல்லை, மணி அடிக்கவில்லை, சாம்பார் தாளிக்கிற வாசனை இல்லை, உங்கள் வண்டி வரவில்லை. காக்கை இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்தே வரலாம். நாள் எண்ண வேண்டிய அவசியமே இல்லை. நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல், பெருக்கல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-ல் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவர் தன்னையறியாமல் தலையையோ உடம்பையோ லேசாக அசைப்பார், குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். அவ்வளவு நுணுக்கமாக மனிதனைப் பார்க்கிற பிராணியைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. ஆனால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை.

ஆகவே ஒரு கேள்வி. வார நடுவில் விடுமுறை வந்தால் என்ன நடக்கிறது? புதன்கிழமை பண்டிகை என்றால் காக்கை வருகிறதா? கிழமை எண்ணுகிற காக்கை என்றால் அன்றைக்கு ஏமாந்து வர வேண்டும். வரவில்லை என்றால் அது எண்ணுவது நாளை இல்லை.

எண்ணிக்கை என்பதே ஒன்று இல்லை, இரண்டு. உங்கள் வீட்டில் பல்லாங்குழி உண்டா? ஆடுகிறவர்கள் குழியில் நாலு புளியங்கொட்டை சேர்ந்ததும் 'பசு' என்று எடுத்துவிடுவார்கள். யாராவது ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணியா எடுக்கிறார்கள்? கண் பட்டதுமே நாலு. அதே குழியில் ஒன்பதா பத்தா என்று கேட்டால் விரல் வைத்துத்தான் ஆக வேண்டும். பறவைகளிடம் இருப்பது அந்தக் கண் பட்டதும் தெரிகிற எண்ணிக்கையும், பெரிய குவியல் எது, சின்னது எது என்கிற உத்தேசமும்தான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் எளிது, ஏழுக்கும் எட்டுக்கும் கஷ்டம். இரண்டிலும் வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் விகிதம் வேறு. நமக்கும் அவசரத்தில் பார்க்கும்போது அப்படித்தான்.

ராயக்கோட்டைத் தோட்டம்

அக்கா, நான் தக்காளியும் நிலக்கடலையும் போடுகிறவன். எங்கள் பக்கம் கல்லக்காய் விதைத்த பத்து நாள் காக்கையோடு சண்டைதான். முளை தலை காட்டுவதற்குள் தோண்டி எடுத்துவிடும். போன வருடம் நானும் தம்பியும் மச்சானும் காவல் குடிசைக்குள் போனோம். மூன்று பேர் போய் இரண்டு பேர் வெளியே வந்து வரப்பில் நடந்து போய்விட்டோம். மச்சான் உள்ளேயே இருந்தான். காக்கை ஒன்றும் இறங்கவில்லை, வேப்பமரத்திலேயே இருந்தது. அவனும் கிளம்பிப் பம்ப்செட் தாண்டின பிறகுதான் இறங்கியது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் அதே நிலத்தில் ஆள்காட்டிக் குருவி ஒன்று நாலு முட்டை வைத்திருந்தது. மண்ணாங்கட்டி நிறத்தில், கூர்முனை உள்பக்கம் பார்த்த மாதிரி. டிராக்டர் ஓட்டும்போது அந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு விட்டுவிட்டேன். ஒரு ராத்திரி கீரி வந்து இரண்டைத் தின்றுவிட்டது. மறுநாள் அந்தக் குருவி மிச்சம் இரண்டின்மேல் எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. தேடக்கூட இல்லை. அது ஏன்? அதற்கு எண்ணிக்கை தெரியாதா, இல்லை தெரிந்தும் வேறு வழி இல்லையா? எனக்கு அது மனதிலேயே நிற்கிறது.

ஏரிக்கரை (ஓசூர்)

அக்கா, அண்ணா, சார், மூவருக்கும் வணக்கம். வார இறுதிகளில் ஏரி ஏரியாகப் பறவை பார்க்கப் போகிறவன். இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உதவியாளர் அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவர்மேல் தப்பு எதுவும் இல்லை, காக்கைகள் முகத்தை நினைவு வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்கிற ஆராய்ச்சியாளர் 2006-ல் ஒரு குகைமனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு யார் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் காக்கைகள் கத்தித் தீர்த்தன. வேறு முகமூடி போட்டால் கண்டுகொள்ளவில்லை. பிடிபடாத காக்கைகளும், அப்போது பிறந்தே இராத காக்கைகளும் கூடக் கத்தின. மற்றவை கத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை அவை. அந்தக் கோபம் முழுக்க அடங்க ஏறக்குறைய 17 வருடம் ஆனது. அங்கே இருப்பது வேறு வகைக் காக்கை, நம்முடையது சாம்பல் கழுத்து வீட்டுக் காக்கை, ஆனாலும் ஒரே குடும்பம். புடவை மாற்றினால் ஏன் பயன் இல்லை என்பது இதிலிருந்து புரியும். அதே முகத்தை நல்லதோடு சேர்த்துவைக்கத்தான் முயற்சி பண்ண வேண்டும். ஓட்டுப் பேசினை இனி அவரே கொண்டுபோய் வைக்கட்டும். தினமும், அதே இடத்தில், குடை இல்லாமல் முகம் தெரிகிற மாதிரி. தூரமாக வைத்துவிட்டு வந்துவிடட்டும்.

குயில் முட்டைக் கேள்வி அருமையானது. எத்தனை என்று தெரிவது வேறு, எது என்னுடையது என்று தெரிவது வேறு. நம் ஏரிகளில் குளிர்காலத்தில் கூட்டமாகத் தெரியும் நாமக்கோழியைப் பார்த்திருப்பீர்கள், நெற்றியில் வெள்ளை நாமம் போட்டது. அதற்கு அமெரிக்காவில் ஒரு சொந்தம் உண்டு. அந்தக் கோழிகள் ஒன்றின் கூட்டில் ஒன்று திருட்டுத்தனமாக முட்டை வைத்துவிடும். புரூஸ் லயன் என்பவர் கனடாவில் அவற்றின் கூடுகளைப் பல வருடம் பார்த்து 2003-ல் எழுதினார். அந்நிய முட்டையை நிறம் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிற கோழி, அதைக் கூட்டுக் குச்சிகளுக்குள் அமுக்கிப் புதைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட கோழி தன் முட்டையை மட்டும் கணக்கில் வைத்து, வழக்கமாக இடுகிற அளவு இட்டு முடிக்கிறது. அந்நிய முட்டையை அடையாளம் காணாத கோழியோ அதையும் சேர்த்துக்கொண்டு தன்னுடையதில் குறைத்துவிடுகிறது. காட்டுப் பறவை தன் சொந்தக் காரியத்துக்காக எண்ணுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் படித்ததில்லை. நம் காக்கையோ அடையாளத்தில்தான் தோற்கிறது. தவறிப்போய்த் தன் முட்டையையே தள்ளிவிட்டால் நஷ்டம் பெரிது. போதாததற்குக் குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுக்குச் சில நாள் முன்பே பொரித்துவிடும். அது வாயைத் திறந்து கத்தினால் எந்தத் தாய்க்குக் கணக்குப் பார்க்கத் தோன்றும்?

ராயக்கோட்டை அண்ணா, உங்கள் குருவிக்கு வருகிறேன். முட்டை குறைந்தால் சில பறவைகள் தொடர்ந்து இட்டுக்கொண்டே போகும். 1883-ல் அமெரிக்காவில் ஒருவர் ஒரு மரங்கொத்தியின் கூட்டில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுத் தினமும் முட்டையை எடுத்துக்கொண்டே வந்தார். பாவம், அது 73 நாளில் 71 முட்டை இட்டது. கேட்கும்போதே மனது வலிக்கிறது. அது எண்ணிப் பார்த்துக் குறைகிறது என்று முடிவு பண்ணியதாக நினைக்க வேண்டாம். வயிற்றுக்கு அடியில் போதுமான முட்டை படுகிறதா என்கிற உணர்வே முட்டை இடுவதை நிறுத்தவோ தொடரவோ வைக்கும். ஆள்காட்டி அந்த வகை இல்லை. நாலு இட்டு முடித்து அடைகாக்க உட்கார்ந்தபின் மிச்சத்தைக் காப்பதுதான் அதன் வேலை.

குடிசைக் கதை ஐரோப்பாவில் வேட்டைக்காரர்கள் 200 வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருகிற கதை. எத்தனை பேர் போய் வந்தால் காக்கை ஏமாறும் என்றெல்லாம் அதில் வரும். யாரும் முறையாகச் சோதித்தது இல்லை. உங்கள் மச்சான் உள்ளே இருமியிருக்கலாம், பீடி பற்றவைத்திருக்கலாம்.

முறையாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் வெலிங்டன் பக்கத்தில் ஒரு காப்புக் காடு. அங்கே ராபின் என்கிற சின்னக் குருவிக்கு மனிதர்களிடம் பயமே இல்லை, உணவை ஒளித்துவைத்துத் தின்கிற பழக்கமும் உண்டு. கெவின் பர்ன்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் ஒரு கட்டையில் இரண்டு குழி செய்து, குருவி பார்க்கப் பார்க்க ஒன்றில் இத்தனை, இன்னொன்றில் இத்தனை என்று புழுக்களை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார்கள். எந்தப் பயிற்சியும் தராமலே அது அதிகம் உள்ள குழிக்குப் போனது, 12 வரையிலான எண்ணிக்கையில்கூட. இன்னொன்றும் செய்தார்கள். இரண்டு போடுவதைக் காட்டிவிட்டு, கள்ள அறை வைத்து ஒன்றை மறைத்துவிட்டார்கள். குருவி ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்று எங்கே என்று வழக்கத்தைவிட அதிக நேரம் கிளறித் தேடியது. அக்கா, இதற்கு வேண்டியது இரண்டு கொட்டாங்குச்சிதான்.

பழைய கணக்காசிரியர் (கிருஷ்ணகிரி)

தம்பி சொன்னது நல்ல யோசனை. அம்மா, செய்வதானால் நாலு விஷயம் கவனியுங்கள். கொட்டாங்குச்சி அடியில் துணி போடுங்கள், கடலை விழுகிற சத்தம் கேட்கக் கூடாது. இரண்டிலும் கை ஒரே தடவை எண்ணிக்கையில் போய் வர வேண்டும். மூன்று போடுகிற பக்கம் மூன்று தடவை என்றால், இரண்டு போடுகிற பக்கமும் மூன்று தடவை, ஒரு தடவை வெறும் விரல். இல்லையென்றால் அது நேரத்தைத்தான் அளக்கும். அதிகம் இருப்பது ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று மாற்றுங்கள், அதையும் காசு சுண்டித் தீர்மானியுங்கள். போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொள்ளுங்கள். ஹான்ஸை மறக்க வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். நாள் எண்ணுவது பற்றி அமெரிக்காவில் 1998-ல் நிக்கோலா கிளேட்டன், ஆண்டனி டிக்கின்சன் இருவரும் செய்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஜே என்கிற காக்கை இனப் பறவைக்குப் புழுவையும் நிலக்கடலையையும் ஒளித்துவைக்கக் கொடுத்தார்கள். அதற்குப் புழுதான் பிடிக்கும், ஆனால் புழு அழுகிவிடும். ஒளித்து நாலு மணி நேரம் ஆகியிருந்தால் புழு இருந்த இடத்துக்குப் போனது. ஐந்து நாள் ஆகியிருந்தால் கடலை இருந்த இடத்துக்குப் போனது. எதை, எங்கே, எவ்வளவு நேரத்துக்கு முன் என்று மூன்றும் அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே உங்கள் ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் "முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முட்டைக்கணக்கு (பாலக்கோடு)

ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

கிழமை. வார நடுவில் விடுமுறை வந்ததும் பதினொன்றே காலுக்கு நடந்தே போய்ப் புளியமரத்துக்கு எதிர்ப்பக்கம் திண்ணையில் உட்கார்ந்தேன். ஒரு மணிவரை இருந்தேன். இரண்டு காக்கை மதில்மேல் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வேறு வரவில்லை. சார் சொன்னது சரி, அவை வாரத்தை எண்ணவில்லை. அப்படியானால் எதைப் பார்த்து வருகின்றன? அடுத்த சனிக்கிழமை வண்டியில் போய் வாசலில் நிறுத்தி, சமையல்கூடம் திறக்காமல் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை நடந்து போய், சமையல்கூட இரும்புக் கதவை மட்டும் திறந்து மூடினேன். அந்தக் கதவு தரையில் உரசிக் 'கிரீச்' என்று ஒரு சத்தம் போடும், எனக்குப் பழகிப்போனதால் காதிலேயே விழுவதில்லை. எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்துக்குள் பதினொரு காக்கை. அடுப்புப் பற்றவைக்கவில்லை, பிள்ளைகள் இல்லை, வாசனை இல்லை. கதவுதான்.

வந்தவற்றை வெறும் வயிற்றோடு அனுப்ப மனது வரவில்லை, வீட்டிலிருந்து இட்லி எடுத்துவந்து பிட்டுப் போட்டேன். திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ பத்தரைக்கு நீங்க திறக்கிறப்போ ஏன் வரலை, பதினொன்றரைக்குத்தானே வருது?" என்றாள். உண்மைதான். பள்ளி நாளில் கதவைப் பத்தரைக்கே திறந்துவிடுவோம். காக்கைகள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகின்றன. சனிக்கிழமை நான் திறந்தது பதினொன்றே முக்காலுக்கு. அப்படியானால் சத்தம் மட்டும் இல்லை, நேரமும் சேர்ந்திருக்கிறது. இனிமேல்தான் ஒரு சனிக்கிழமை பத்தரைக்குத் திறந்து பார்க்க வேண்டும். எனக்குத் தோன்றாதது பத்து வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது, அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

உதவியாளர். அவர்தான் இப்போது பேசின் வைக்கிறார். முதல் வாரம் பயந்து பயந்து வைத்தார், இரண்டு தடவை கொத்தும் வாங்கினார். நானே விட்டுவிடலாம் என்று சொன்னேன், அவர் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து கொத்துவது இல்லை. மரத்திலிருந்து கத்துவது மட்டும் இருக்கிறது. கிளை மாறிக் கிளை மாறி அவர் கூடவே வந்து கத்துகின்றன. ஆனால் குடையை விட்டுவிட்டார்.

கொட்டாங்குச்சி. இதை வீட்டு மொட்டைமாடியில் செய்தேன், பள்ளியில் கூட்டம் கூடிவிடும். காலை ஆறரைக்கு மாடிக்கு ஒரு ஜோடி வரும். அதில் ஒன்றுக்கு இடது இறக்கையில் ஓர் இறகு இல்லை, பறக்கும்போது அந்த இடத்தில் வானம் தெரியும். அது மட்டும் தைரியமாக வரும், இன்னொன்று தண்ணீர்த் தொட்டிமேலேயே இருக்கும். கொட்டாங்குச்சிக்குப் பழகவே எட்டு நாள் ஆயிற்று. முதல் நாள் கைப்பிடிச் சுவரை விட்டே இறங்கவில்லை. அப்புறம் பக்கவாட்டில் குதித்துக் குதித்து வந்து, ஒரு கண்ணால் உள்ளே பார்த்து, கடலையைக் கவ்வியதும் பின்னாலேயே தாவிப் போகும்.

சார் சொன்னபடி துணி போட்டேன், வெறும் விரலும் போட்டேன், காசும் சுண்டினேன். ஒன்றுக்கு எதிராக இரண்டு போட்டதில் 20 தடவையில் 16 தடவை இரண்டு இருந்த பக்கம் முதலில் போனது. இரண்டுக்கு எதிராக மூன்று, 20-ல் 13. நாலுக்கு எதிராக ஐந்து, 20-ல் 9. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். இதை வைத்து என்ன சொல்லலாம்?

பழைய கணக்காசிரியர் (கிருஷ்ணகிரி)

அம்மா, நோட்டுப் போட்டு எழுதியதற்கே உங்களை வணங்குகிறேன்.

கணக்கு இது. காக்கைக்கு ஒன்றும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். அப்போது 20 தடவையில் 16 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது ஆயிரத்தில் ஆறு வாய்ப்பு. அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. 13 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றில் 13 வாய்ப்பு. காசைச் சுண்டினாலே அடிக்கடி வரும். ஆகவே இரண்டா மூன்றா என்பதை இன்னும் நாற்பது, அறுபது தடவை பார்த்தால்தான் சொல்லலாம். 9 என்பது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காக்கை, ஒரு மாடி, அதையும் மறக்க வேண்டாம். ஆனால் போகிற திசை விகிதம் சொல்கிற திசைதான்: ஒன்று-இரண்டு எளிது, நாலு-ஐந்து கஷ்டம்.

ஜெர்மனியில் டூபிங்கனில் ஆண்ட்ரியாஸ் நீடர் குழுவினர் காக்கை மூளையிலேயே குறிப்பிட்ட எண்ணிக்கையைப் பார்த்தால் மட்டும் வேகமாகத் துடிக்கிற நரம்பணுக்களை 2015-ல் காட்டினார்கள். மூன்று புள்ளிக்கு ஒன்று, நாலு புள்ளிக்கு இன்னொன்று என்ற மாதிரி. மூன்றுக்கு உரியது மூன்றுக்கு நன்றாகத் துடிக்கும், இரண்டுக்கும் நாலுக்கும் கொஞ்சம் துடிக்கும். பக்கத்து எண்கள் குழம்புவது அங்கிருந்தே வருகிறது. 2024-ல் அதே இடத்தில் காக்கைகள் கேட்ட எண்ணிக்கைக்கு ஒன்று முதல் நாலு தடவை வரை கரைந்தன. முதல் கரைதலின் தொனியிலேயே மொத்தம் எத்தனை வரப்போகிறது என்று தெரிந்ததாம். அதாவது கரைய ஆரம்பிக்கும் முன்பே அது எண்ணை மனதில் வைத்திருக்கிறது.

ராயக்கோட்டைத் தோட்டம்

அக்கா, அந்தக் கள்ள அறை மாதிரி ஒன்றை மறைத்துப் பார்த்தீர்களா? அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை. என் மச்சான் தான் இருமவே இல்லை என்கிறான். இந்தத் தடவை விதைப்புக்கு நாங்கள் ஐந்து பேர் போய் எண்ணிப் பார்க்கிறோம், எழுதுகிறேன்.

முட்டைக்கணக்கு (பாலக்கோடு)

ஒரே ஒரு தடவை பார்த்தேன் தம்பி. மறுபடி செய்ய மனது வரவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று காலை. ஒரு கொட்டாங்குச்சிதான் வைத்தேன். அது பார்க்க ஒன்று போட்டேன், இரண்டாவதைப் போடுகிற மாதிரி விரலை உள்ளே விட்டுக் கடலையை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டேன். பத்தடி தள்ளித் திரும்பி நின்றேன். பார்க்கக் கூடாது என்றுதான் சார் சொன்னார். பக்கத்தில் துடைத்து வைத்திருந்த எவர்சில்வர் குடத்தில் அதன் நிழல் தெரிந்தது, பார்த்துவிட்டேன்.

வந்தது, ஒன்றை எடுத்தது. வழக்கமாக எடுத்ததும் பறந்துவிடும். இன்றைக்கு அந்தக் கடலையைத் தரையில் வைத்து ஒரு காலால் மிதித்துக்கொண்டு, மறுபடி தலையை உள்ளே விட்டது. துணியை அலகால் ஒரு மூலையில் பிடித்து இழுத்து வெளியே போட்டது. கொட்டாங்குச்சியைச் சாய்த்தது. அது உருண்டு கவிழ்ந்தது. கவிழ்ந்ததை மறுபடி புரட்டி, அடியில் தரையைப் பார்த்தது. நான் திரும்பினேன். பறந்து போகவில்லை, அங்கேயே நின்றது. கையைத் திறந்து மிச்சம் இருந்த கடலையை மெதுவாக அதன் பக்கம் உருட்டிவிட்டேன்.